தளத்தை மாற்றும் முன் ஒரு வரைபடம்: ஆன்லைன் கடைக்காரர்களுக்கான செய்முறை

ஆன்லைன் கடை நடத்த உதவும் மென்பொருளான மெஜெண்டோ 1-க்கான ஆதரவு 2020 ஜூன் 30-ம் தேதியோடு முடிந்தது. அதன்பின் அதற்கு, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அதிகாரப்பூர்வ பேட்ச் வருவதில்லை. அந்த செப்டம்பரிலேயே ஒரு வார இறுதியில் ஏறக்குறைய 2,000 கடைகளின் பணம் கட்டும் பக்கத்தில் கார்டு விவரம் திருடும் நிரல் நுழைந்தது. பெரும்பாலானவை மெஜெண்டோ 1 கடைகள்.

இப்படி ஒரு கெடு நெருக்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது, "மெஜெண்டோ 2-ஆ, ஷாப்பிஃபையா, வூகாமர்ஸா?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் பிரச்சினைகளை வரைந்துவிடுவோம். மேலாண்மைச் சிந்தனையாளர் எலியாஹு கோல்ட்ராட்டின் 'நடப்பு நிலை மரம்' என்ற முறையைக் கொஞ்சம் எளிமையாக்கித் தருகிறேன். உதாரணத்துக்கு, நேரிலும் மெஜெண்டோ 1-லும் விற்கும் ஒரு பட்டுப்புடவைக் கடையை வைத்துக்கொள்வோம்.

படி 1: சீட்டு எழுதுங்கள்

ஒரு சீட்டில் ஒரே ஒரு தொல்லை. பில் போடுபவர், பேக்கிங் பார்ப்பவர், வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்பவர் எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். "சர்ச் சரியில்லை" என்று மொட்டையாக எழுதக் கூடாது. "காஞ்சிவரம் என்று தேடினால் காஞ்சிபுரம் புடவைகள் வருவதில்லை" என்று எழுத வேண்டும். "நமக்கு மொபைல் ஆப் இல்லை" என்ற சீட்டு வந்தால் திருப்பிக் கொடுங்கள். அது பிரச்சினையே இல்லை, யாரோ ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட தீர்வு.

படி 2: அம்புக்குறி போடுங்கள்

சீட்டுகளைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் காரணத்தை ஒட்டி, காரணத்திலிருந்து மேலே அம்புக்குறி போடுங்கள். "இது இருப்பதால் அது நடக்கிறது" என்று சத்தமாகப் படித்துப் பார்த்து, இடித்தால் நடுவில் ஒரு சீட்டு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

மேலே இருக்கும் சீட்டு: "விற்றுப்போன புடவைக்கு ஆர்டர் வருகிறது." ஏன்? தளத்தில் இருப்பு நாளுக்கு ஒருமுறைதான் மாறுகிறது. ஏன்? டாலி என்ற கணக்கு மென்பொருளிலிருந்து எக்செல் எடுத்து, ராத்திரி ஒருவர் கையால் ஏற்றுகிறார். அதைத் தானாக நடக்க வைக்க முடியாதா? முடியாது, ஒரே புடவைக்குக் கடை பில்லில் ஒரு கோட் (பொருள் எண்), தளத்தில் வேறு கோட். வேர் இங்கேதான் இருக்கிறது. எந்தத் தளத்துக்குப் போனாலும் இது கூடவே வரும்.

இன்னொன்று: "தீபாவளித் தள்ளுபடி அன்று செக்அவுட் தொங்குகிறது." பகலில் விலையை மாற்றிச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ரீஇன்டெக்ஸ் (விலை, தேடல் பட்டியல்களைத் திரும்பக் கட்டும் வேலை) ஓடி டேட்டாபேஸைப் பிடித்துக்கொள்கிறது. இன்டெக்ஸ் அமைப்பைக் கைமுறைக்கு மாற்றி, ரீஇன்டெக்ஸை ராத்திரியில் ஓடவிட்டால் பெரும்பகுதி சரியாகிவிடும். இதற்காகப் பல லட்சம் கொடுத்துத் தளம் மாற்றுபவர்களும் உண்டு!

படி 3: நிறம் பிரியுங்கள்

தளம் மாறினால்தான் தீரும் என்பவற்றுக்குச் சிவப்பு, இன்றைக்கே தீர்க்கலாம் என்பவற்றுக்குப் பச்சை, மாறினாலும் தீராதவற்றுக்கு மஞ்சள். பேட்ச் வராதது சிவப்பு. ரீஇன்டெக்ஸ் பச்சை. கோட் குழப்பம் மஞ்சள்.

படி 4: வரப்போகும் தொல்லைகளையும் ஒட்டுங்கள்

பலர் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2014 பிப்ரவரியில் அமேசானின் தளத்தை விட்டு, 15 கோடி பவுண்டு செலவில் சொந்தத் தளத்துக்கு வந்தது. பழைய வாடிக்கையாளர்கள் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூனில் முடிந்த காலாண்டில் ஆன்லைன் விற்பனை 8.1% சரிந்தது.

நம் கடைக்கும் இதே கேள்வி உண்டு. மெஜெண்டோ 2-க்குப் போனால் பழைய பாஸ்வேர்டுகளைக் கொண்டுபோக வழி இருக்கிறது. ஷாப்பிஃபைக்குப் போனால் வராது, வாடிக்கையாளர் புதிதாக உள்ளே வர வேண்டும். தீமும் (கடையின் தோற்றம்) எக்ஸ்டென்ஷன்களும் (கூடுதல் வசதிகள்) எங்கே போனாலும் வராது. பழைய பக்க முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் போடாவிட்டால் கூகுளிலிருந்து வருபவர்கள் வெற்றுப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு.

படி 5: வரிசை போடுங்கள்

பச்சையை இந்த வாரமே முடியுங்கள். அடுத்து மஞ்சள்: கோட்களை ஒன்றாக்காமல் டேட்டாவை நகர்த்தினால் குப்பையும் சேர்ந்து நகரும். அதன்பிறகு சிவப்பு. எந்தத் தளம் என்ற கேள்விக்கு இப்போதுதான் நேரம்.

டெவலப்பர் கொட்டேஷன் அனுப்பியதும் அந்தச் சுவருக்கு முன்னால் அவரை உட்காரவையுங்கள். ஒவ்வொரு வரியும் எந்தச் சீட்டைக் கழற்றும் என்று கேளுங்கள். சீட்டே இல்லாத வரியை அடித்துவிட்டு விலை பேசுங்கள்.