சொடக்குத் தக்காளியை விதையிலிருந்து வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயல் வரப்பிலும் குப்பைமேட்டிலும் தானாக முளைத்துக் காய்க்கிற செடிதானே, தூவினால் வந்துவிடும் என்ற எண்ணமே சொடக்குத் தக்காளி வளர்ப்பில் முதல் தவறு. வரப்பில் ஒரு செடி உதிர்க்கும் ஏராளமான விதைகளில் சிலவே பிழைக்கின்றன. நம் கையில் இருப்பதோ ஒரு சிட்டிகை. ஆண்டீஸ் மலைகளைத் தாயகமாகக் கொண்ட, கேப் கூஸ்பெர்ரி எனப்படும் பெரிய பழ இனத்துக்கும் இங்கே சொல்பவை பெரும்பாலும் பொருந்தும்.

செடியை ஐயமற அறியாமல் விதை எடுக்கக் கூடாது. அஸ்வகந்தா எனப்படும் அமுக்கராவின் பழமும் சொடக்குத் தக்காளியைப் போலவே மெல்லிய உறைக்குள்தான் இருக்கும். ஆனால் அது முற்றியதும் சிவந்துவிடும், செடியும் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். சொடக்குத் தக்காளியின் பழம் மஞ்சளாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ இருக்கும். நன்கு பழுத்த பழங்களை நீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதைகளை அலசி நிழலில் உலர்த்தினால் போதும்.

நாற்று தவறுவதற்குப் பெருங்காரணம் ஆழமும் அவசரமும். விதை மிகச் சிறியது என்பதால் அரை சென்டிமீட்டருக்கு மேல் புதைக்காமல், சலித்த மண்புழு உரமோ தென்னைநார்க் கழிவோ மேலே மெல்லத் தூவ வேண்டும். 25 முதல் 30 டிகிரி வரை மண்ணில் வெப்பம் இருந்தாலும் முளைக்க ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை ஆகலாம். குளிர்ந்த மலைப்பகுதிகளில் இன்னும் தாமதமாகும். தக்காளி நாற்று ஒரு வாரத்தில் தலைகாட்டிப் பழகியவர்கள், விதை செத்துவிட்டது என்று குழித்தட்டைக் கொட்டிவிடுவது இந்த இடைவெளியில்தான். குவளையால் நீரை ஊற்றினால் விதை ஓரத்துக்கு அடித்துச் செல்லப்படும். எப்போதும் ஈரம் சொட்ட வைத்தால் நாற்றழுகல் வரும். ஆகவே தெளிப்பானோ பூவாளியோ கொண்டு, மேல்மண் காயத் தொடங்கும்போது மட்டும் நனைக்க வேண்டும்.

நட்டபின் நெருக்கம் கூடாது. நாற்று நோஞ்சானாகத் தெரிந்தாலும் செடி பக்கவாட்டில் நன்றாகப் படரும். இரண்டடி இடைவெளி தேவை, கேப் கூஸ்பெர்ரிக்கு மூன்றடி. தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும், காய் குறையும். கத்தரி, தக்காளி, மிளகாய் இருந்த இடத்தில் இதை உடனே நடுவதும் சரியன்று; ஒரே குடும்பம் என்பதால் வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் இதையும் தாக்கும். சமவெளியில் கேப் கூஸ்பெர்ரியைச் சித்திரை வெயிலில் பூக்கும்படி விதைப்பது, என் பார்வையில், வீண் உழைப்பு. ஆவணியில் விதைத்தால் பூக்கும் காலம் குளிர்ந்த மாதங்களில் அமையும். ஐப்பசி மழையில் தொட்டியில் நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது அறுவடை. காய் உருண்டு திரண்டதும் பறித்துவிடும் தக்காளிப் பழக்கம் இங்கே உதவாது. பழுக்காத காயிலும் இலையிலும் உறையிலும் சோலனின் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டு. அவற்றைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம் என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் சொல்லிவைப்பது அவசியம். உறை காய்ந்து காகிதம்போல் ஆகி, பழம் தானே கீழே விழும்வரை காத்திருக்க வேண்டும். செடியடியில் வைக்கோல் பரப்பினால் விழுந்தது மண் ஒட்டாமல் கிடைக்கும். உள்ளே இன்னும் பச்சையாக இருப்பவற்றை உறையோடு சில நாள் வைத்திருந்தால் பழுத்துவிடும், பழுக்காதவற்றைத் தள்ளிவிடலாம்.

சேமிக்கும்போது உறையை உரிப்பதும் கழுவிவைப்பதும் தவறு. உறையோடு காற்றோட்டமான கூடையில் பரப்பினால் பழம் சில வாரங்கள் தாங்கும். மூடிய பிளாஸ்டிக் பையில் வியர்த்து விரைவில் பூசணம் பிடிக்கும்.