ஒட்டியிருப்பதுபோல் தெரியும் ஹீட் சிங்க்: கேட் (CAD, கணினியில் வரைந்த வடிவமைப்பு) மாடலை வெப்ப ஆய்வுக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்தவர்கள் அனுப்பும் சிமுலேஷன் ஃபைல்களைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஸ்க்ரூவின் மரையை நீக்காதது, மூடியில் செதுக்கிய லோகோவுக்கெல்லாம் மெஷ் (கணக்கிடுவதற்காக மாடலைப் பிரிக்கும் சிறு கட்டங்கள்) போட்டது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். மெஷ் எண்ணிக்கையே அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் பெட்டிகளில் சத்தமில்லாமல் தப்பான விடை தருபவை மட்டும் இங்கே.

யூனிட்

எஸ்.டி.எல். (3டி வடிவத்தைச் சேமிக்கும் ஒரு ஃபைல் வகை) ஃபைலில் யூனிட் கிடையாது. உள்ளே வந்ததும் ஒரு நீளத்தை அளந்து பாருங்கள்.

ஓட்டைகளை மொத்தமாக அடைப்பது

5 மி.மீ.க்குக் குறைவான ஓட்டைகளை எல்லாம் ஒரே கிளிக்கில் மூடிவிடலாம். ஸ்க்ரூ ஓட்டைகள் போவது நல்லதுதான். கூடவே பெட்டியின் காற்றுத் துளைகளும் மூடிக்கொள்ளும், மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. காற்றுத் துளைகள் உள்ள பகுதியை முதலில் தனியாகப் பிரித்து, திறந்த பரப்பின் விகிதம் கொடுத்த துளைத்தகடாக மாற்றிவிட்டு, பிறகு மற்றதை அடையுங்கள்.

சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே உள்ள சந்து

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

சர்க்யூட் போர்டு டிசைனிலிருந்து ஐ.டி.எஃப். (போர்டின் தகவலைக் கேட்-டுக்குக் கொண்டுவரும் ஃபைல் வகை) வழியாக வரும் சிப், ஒரு வெளிக்கோடும் உயரமும் கொண்ட வெறும் கட்டை. அந்த உயரம் பெரும்பாலும் டேட்டாஷீட்டில் உள்ள அதிகபட்சம். ஹீட் சிங்க்கை, அதாவது சிப்பின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் ஃபின் வைத்த உலோகத் துண்டை, வரைந்தவர் வேறொரு உயரத்தை வைத்து வரைந்திருப்பார். நடுவில் வரும் தெர்மல் பேடை (சந்தை நிரப்பி வெப்பத்தைக் கடத்தும் மெத்தென்ற தகடு) பலர் வரைவதே இல்லை. அது பாகப் பட்டியலில் ஒரு வரியாகக் கிடக்கும். விளைவு, 0.1 மி.மீ. சந்து. திரையில் இரண்டும் ஒட்டியிருப்பதாகத்தான் தெரியும்.

30×30 மி.மீ. சிப், 20 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.026 வாட்/மீ.கெ. அந்த 0.1 மி.மீ. காற்று மட்டுமே 85 டிகிரியை ஏற்றிவிடும். அதே இடத்தில் 0.5 மி.மீ. தடிமனில், கடத்துதிறன் 3 உள்ள பேட் இருந்தால் 4 டிகிரிகூட ஏறாது.

மூடிய அலுமினியப் பெட்டி ஒன்றில் இது நடந்து பார்த்திருக்கிறேன். சிப் கொதிக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. ஃபின்களை உயரமாக்கினார்கள், சிப்பின் வெப்பநிலை அசையவில்லை. ஃபேன் வைப்பதென்று முடிவாகி, மூடிக்கான அச்சைத் திருத்தவும் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒருவர் செக்ஷன் வியூவைப் பெரிதாக்கிப் பார்த்தார். தலைமயிர் தடிமனில் ஒரு வெள்ளைக் கோடு! ஃபேன் தேவையே இருந்திருக்கவில்லை. சிப் கொதிக்கும்போது ஹீட் சிங்க்கின் அடிப்பக்கம் ஏன் குளிர்ந்து கிடக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. கலர் படம் முதல் நாளே அதைக் காட்டிக்கொண்டிருந்தது.

இதற்குப் பயந்து முகங்களை இழுத்து ஒட்டவைத்துவிடுவது இன்னும் மோசம். அப்போது தடையே இல்லாத தொடர்பு கிடைத்துவிடும். அதே 20 வாட் சிப்பில், நிஜத்தில் கடத்துதிறன் 1 உள்ள 1 மி.மீ. பேட் போடப்போகிறார்கள் என்றால், 22 டிகிரி ரிப்போர்ட்டிலிருந்து காணாமல் போயிருக்கும். நல்ல செய்தியை யாரும் கிளறிப் பார்ப்பதில்லை.

மூன்றாவது வகையும் உண்டு. பேடை அழுத்தாத தடிமனில் வரைந்து, அது ஹீட் சிங்க்குக்குள் புதைந்திருக்கும். இரண்டும் மேற்படியும் அந்தப் பகுதி எந்தப் பாகத்துக்குச் சொந்தம் என்பதை, வெப்ப ஆய்வு மென்பொருள்களில் ஐஸ்பேக்கில் பிரையாரிட்டி எண் முடிவு செய்யும், ஃப்ளோதெர்மில் ட்ரீயில் (பாகங்களின் பட்டியலில்) உள்ள வரிசை முடிவு செய்யும். உங்களைக் கேட்காது.

கேட்-டில் வந்த பேடை நான் நம்புவதில்லை. அதை நீக்கிவிட்டு, அழுத்தப்பட்ட தடிமனில் புது சாலிட் வரைவேன். இல்லையென்றால் முகத்தில் தொடர்புத் தடையாகக் கொடுப்பேன். ரன் முடிந்ததும் பேடின் இரு பக்க வெப்பநிலை வித்தியாசத்தைப் பார்த்து, அதன் வழியே போகும் வாட்டைக் கொண்டு கையால் கணக்குப் போட்டு ஒப்பிடுவேன். இரண்டு நிமிட வேலை.

போர்டு

1.6 மி.மீ. போர்டு முழுவதுக்கும் எஃப்.ஆர்.4-இன் (போர்டின் அடிப்படையான கண்ணாடியிழைப் பொருள்) கடத்துதிறனான 0.3-ஐக் கொடுத்தால் செம்பு இல்லாத போர்டாகிவிடும். 1 அவுன்ஸ் செம்பு அடுக்கு 35 மைக்ரான்தான். ஆனாலும் நான்கு முழு அடுக்குகள் இருந்தால் போர்டின் தளத்தின் போக்கில் கடத்துதிறன் 34 வரை போகும். தடிமனின் போக்கில், வியா (அடுக்குகளை இணைக்கும் செம்பு பூசிய துளை) இல்லாத இடங்களில் 0.3-ஐ ஒட்டியே நிற்கும். இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள்.

மெட்டீரியல்

கேட்-டில் கொடுத்த நிறம் எமிஸிவிட்டி (பரப்பு வெப்பத்தைக் கதிர்வீசும் திறன்) ஆகாது. பளபளப்பான அலுமினியத்துக்கு 0.05, அனோடைஸ் செய்ததற்கு (ஆக்சைடு படலம் ஏற்றியதற்கு) 0.8 அளவில். ஃபேன் இல்லாத பெட்டியில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ரிவிஷன்

எதை நீக்கினீர்கள், எதை மாற்றி வரைந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். டிசைனை மாற்றி அனுப்பும் அடுத்த ஸ்டெப் ஃபைல் (கேட் மாடலைப் பரிமாறும் ஃபைல் வகை) வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வரும், எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.