குளிர்காலப் படகு வேலைக்குத் தற்காலிகக் கொட்டகை கட்டுவது எப்படி?

கரையேற்றிய படகைக் குளிர்காலத்தில் பழுது பார்க்க வேண்டுமென்றால் அதற்கு மேல் ஒரு கூரை வேண்டும். பெரிய தார்ப்பாய் ஒன்றை மேலே போட்டு, நாலு பக்கமும் இழுத்துக் கட்டினால் போதும் என்று பலரும் ஆரம்பிக்கிறார்கள். மழைக்கு அது போதும்தான். காற்றுக்குப் போதாது, உள்ளே சேரும் ஈரத்துக்கும் போதாது. எபாக்சிப் பசை ஒட்டாமல் போவதும், வார்னிஷ் வெளுத்துப்போவதும், நடுராத்திரியில் கூரை பறப்பதும் இந்த இரண்டால்தான். அதனால் இந்த விளக்கத்தில் மழையைப் பற்றிக் கொஞ்சமும் மற்ற இரண்டைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

நான் சொல்வது மரச்சட்டத்தில் செய்த கூர்முகட்டு வளைவுக் கொட்டகை. இரண்டு கைகளைக் குவித்துக் கும்பிடுவதுபோல மேலே சந்திக்கும் வளைவுகள், அவற்றின் மேல் பாலித்தீன் தாள். முகடு கூராக இருப்பதால் பனி தங்காமல் வழுக்கி விழும். அரைவட்டமாக வளைத்த குழாய்க் கொட்டகையில் உச்சி தட்டையாக இருக்கும், பனி அங்கேயே உட்கார்ந்துவிடும். புதிதாகப் பெய்த பனி இலேசானது. ஆனால் நனைந்து இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். அந்தக் கணக்கில் பத்து சென்டிமீட்டர் பனி என்றால் சதுர மீட்டருக்கு 30 கிலோ பாரம்.

படி 1: அளவு

அகலத்துக்குப் படகின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். நீளமான பலகையைத் தூக்கி வந்து வளைத்துப் பொருத்தும்போது அந்த ஒரு மீட்டரின் அருமை தெரியும். நீளத்தில் முன்பக்கம் ஒரு மீட்டர் போதும். பின்பக்கம் அப்படியில்லை, சுக்கானைக் கழற்றவும் புரொப்பெல்லர் தண்டை உருவவும் இடம் வேண்டும். தண்டின் நீளத்துக்கு இடம் விட முடியாவிட்டால் கதவைப் பின்பக்கம் வைத்துவிடுங்கள், கதவைத் திறந்து உருவிக்கொள்ளலாம்.

உயரம், படகின் அறைக்கூரை மேல் முட்டி போட்டு உட்கார்ந்து வேலை செய்யும் அளவுக்கு இருந்தால் சரி. நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டு உயர்த்தினால் காற்றுக்குக் கூடுதல் பரப்பைக் கொடுக்கிறீர்கள்.

கொட்டகையின் வெளியேயும் இரண்டு பக்கமும் ஒரு மீட்டராவது காலியாக இருக்கட்டும். வழுக்கி விழும் பனி அங்கேதான் குவியும். இடமில்லாவிட்டால் அது பக்கச்சுவரை உள்ளே தள்ள ஆரம்பிக்கும்.

படி 2: வளைவுகள்

20 க்கு 40 மில்லிமீட்டர் ரீப்பர், அதாவது மெல்லிய நீள மரச்சட்டம், போதும். முடிச்சில்லாததாகப் பொறுக்கி எடுங்கள், முடிச்சு இருக்கும் இடத்தில்தான் வளைக்கும்போது ஒடியும். தரையில் இரண்டு பிளைவுட் பலகைகளைப் போட்டு, பாதி வளைவின் வடிவத்தை வரைந்து, கோட்டின் மேல் கட்டைகளை ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள். இதுதான் அச்சு. உள்பக்க ரீப்பரை இதில் வளைத்து வைத்து, அதன் மேல் அரை மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கட்டைகளைப் பசையோடு வைத்து, வெளிப்பக்க ரீப்பரை மேலே வளைத்து ஸ்க்ரூ அடியுங்கள். இரண்டு ரீப்பருக்கும் நடுவில் எட்டு, பத்து சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தனியாக எடுத்தால் கையாலேயே வளைகிற மரம், இப்படிச் சேர்த்தபின் அசையாது. பசை காயும்வரை அச்சிலிருந்து எடுக்காதீர்கள்.

இரண்டு பாதிகளை உச்சியில் பிளைவுட் துண்டால் இணைத்தால் ஒரு முழு வளைவு. வளைவுக்கு வளைவு 1.2 மீட்டர் வைக்கலாம். பனி அதிகம் விழும் இடமென்றால் 90 சென்டிமீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

ஆணி வேண்டாம், எல்லாம் ஸ்க்ரூதான். வசந்த காலத்தில் கழற்ற வேண்டியது நீங்கள்தானே. நட்சத்திரத் தலை ஸ்க்ரூவும் நல்ல இம்பாக்ட் டிரைவரும் இருந்தால், கையுறை போட்ட கையோடு குளிரில் வேலை செய்யும்போது தலை தேய்ந்து வழுக்குகிற தொல்லை இருக்காது. இந்த இடத்தில் காசைப் பார்க்காதீர்கள்.

வளைவுகளை நிறுத்தி, முகட்டில் ஒரு நீளச் சட்டமும் பக்கத்துக்கு இரண்டு நீளச் சட்டங்களும் ஓட்டுங்கள். அப்புறம் நான்கு மூலைகளிலும் சாய்வாகக் குறுக்குச் சட்டம் போடுங்கள். பார்க்க உறுதியாக இருக்கிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது. சாய்வுச் சட்டம் இல்லாத கொட்டகையில் நீளவாட்டில் காற்று அடித்தால் முதல் வளைவு அடுத்ததன் மேல் சாயும், அது அதற்கடுத்ததன் மேல் சாயும்.

படி 3: தரையோடு பிணைப்பது

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. மணிக்கு 72 கிலோமீட்டர் காற்றுக்கு அழுத்தம் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 25 கிலோ. ஐந்து மீட்டர் அகலமும் பத்து மீட்டர் நீளமும் உள்ள கொட்டகையைக் காற்று மேல்நோக்கி இழுக்கும் விசை இந்த வேகத்திலேயே ஒரு டன்னை நெருங்கும். மொத்தச் சட்டத்தின் எடை அதில் கால்வாசி இருந்தாலே அதிகம். மீதியைத் தரைதான் பிடிக்க வேண்டும்.

மண் தரையில், திருகித் திருகி உள்ளே இறக்கும் திருகு முளைகள்தான் என் தேர்வு. நேராக அடிக்கும் இரும்புக் கம்பி மண் நனைந்ததும் இளகிவிடும். ஒன்று விட்டு ஒரு வளைவுக்கு இரண்டு பக்கமும் முளை, முளையிலிருந்து அடிச்சட்டத்துக்கு (வளைவுகளின் கால்களைத் தரையோரம் இணைக்கும் நீளச் சட்டம்) இறுக்கும் பட்டை. மூலைகளில் இரண்டிரண்டாகப் போடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கொட்டகையின் எந்தக் கயிற்றையும் படகைத் தாங்கி நிற்கும் முட்டுகளில் கட்டாதீர்கள். கட்ட வாகாக, கைக்கு எட்டும் இடத்தில் அவை நிற்கும்தான். ஆனால் காற்றில் தாள் உதறும் ஒவ்வொரு முறையும் அந்தக் கயிறு முட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். முட்டு விலகினால் படகு சாயும், அதன் கீழே ஆள் இருக்கலாம். கொட்டகையும் படகும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும்.

படி 4: தாள் போர்த்துவது

பசுமைக்குடில்களுக்கு விற்கும், புறஊதாக் கதிரைத் தாங்கும் பாலித்தீன் வாங்குங்கள். 150 மைக்ரான் தடிமன் குறைந்தபட்சம். கட்டட வேலைக்கான சாதாரணத் தாள் வெயிலில் சில மாதங்களிலேயே நொறுங்கும். சூடு காட்டிச் சுருக்கும் தாளும் இருக்கிறது, பார்க்க அழகாக இருக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை. பெட்ரோல் தொட்டி உள்ள படகின் பக்கத்தில் நெருப்பு பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது, அடுத்த ஆண்டுக்கு அதைத் திரும்பப் பயன்படுத்தவும் முடியாது.

நிறம் வெள்ளையாக இருக்கட்டும். வெளிச்சம் நிழலில்லாமல் சீராகப் பரவும், பெயின்ட் வேலைக்கு அதைவிட நல்ல விளக்கு இல்லை. கண்ணாடிபோன்ற தாளில் வெயில் நேரே உள்ளே இறங்கும்.

போர்த்துவதற்கு முன் சட்டத்தின் எல்லா விளிம்புகளையும் கையால் தடவிப் பாருங்கள். கூரான முனையை உப்புத்தாளால் தேயுங்கள், போல்ட் தலைகளின் மேல் துணி டேப் ஒட்டுங்கள்.

காற்றில்லாத காலை நேரத்தில், குறைந்தது மூன்று பேர் சேர்ந்து போர்த்துங்கள். தாளின் ஓரத்தில் சின்னப் பந்து ஒன்றை வைத்துச் சுற்றி, அதன் கழுத்தில் கயிறு கட்டினால் துளை போடாமலே பிடி கிடைக்கும். அப்படி நாலைந்து இடத்தில் கட்டிக் கயிற்றை முகட்டுக்கு மேல் வீசி, மறுபக்கத்திலிருந்து சேர்ந்து இழுங்கள்.

அடுத்து ஓரத்தைப் பிடிப்பது. தாளைப் பொறுமையாகக் கையாள வேண்டிய இடம் இது. அதன் மேல் நேராக ஸ்டேப்பிள் அடித்தால் ஒவ்வொரு துளையும் ஒரு கிழிசலின் தொடக்கம். ஓரத்தை ஒரு ரீப்பரில் இரண்டு சுற்று சுருட்டுங்கள். சுருட்டிய ரீப்பரை அடிச்சட்டத்தோடு சேர்த்து ஸ்க்ரூ போடுங்கள். இப்போது இழுவை ஒரு புள்ளியில் விழாமல் ரீப்பரின் நீளம் முழுக்கப் பரவும். ஒரு பக்கத்தை நடுவிலிருந்து இரண்டு முனைகளை நோக்கி முடித்துவிட்டு, மறுபக்கம் போய் இழுத்து அதேபோலச் செய்யுங்கள். மூலையிலிருந்து ஆரம்பித்தால் நடுவில் சுருக்கம் சேரும், அதைப் பிறகு எடுக்கவே முடியாது.

எந்த நாளில் போர்த்துகிறீர்கள் என்பதும் முக்கியம். பாலித்தீன் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும். பத்து மீட்டர் தாள் இருபது டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் மாறும். இதமான நாளில் இறுக்கிக் கட்டினால் குளிரில் தானாகவே இன்னும் இறுகும். உறைபனி நாளில் கட்டினால் அடுத்த வெயிலில் தொளதொளவென்று ஆகி, காற்றில் படபடக்க ஆரம்பிக்கும். தாள் கிழிவது பெரும்பாலும் அந்தப் படபடப்பால்தான். அதைத் தடுக்க, வளைவுகளுக்கு நடுவே தாளின் மேல் குறுக்காகக் கயிறு ஓட்டி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள்.

கதவைக் காற்று அதிகம் வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். காற்று உள்ளே புகுந்துவிட்டால் உள்ளிருந்து தள்ளுவதும் வெளியிலிருந்து இழுப்பதும் சேர்ந்துகொள்ளும். ஒட்டும் ஜிப் கதவு குளிரில் பசை விட்டுவிடுகிறது. மரச்சட்டக் கதவு செய்துவிடுங்கள், ஒரு மதிய வேலைதான். மறுமுனையில் அவசரத்துக்கு வெளியேற இன்னொரு வழியும் இருக்கட்டும். பாலித்தீன் எரியும் பொருள், உள்ளே தின்னரும் பிசினும் வைத்திருப்பீர்கள்.

படி 5: ஈரம்

முதலில் தரை. படகின் கீழ் முழுக்க ஒரு தடித்த தாளை விரியுங்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் இரவில் கூரையில் நீராகி, காலையில் படகின் மேல் சொட்டும். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசிய பழைய பெயின்டைத் தேய்க்கும்போது விழும் நச்சுத்தூளையும் அதே தாளில் அள்ளிவிடலாம்.

இரண்டு முனைகளிலும் முகட்டுக்குக் கீழே மூடித் திறக்கும் காற்றுத்துளை வையுங்கள். சூடு வேண்டுமே என்று எல்லாவற்றையும் அடைத்தால் உள்ளே மழைதான்.

கேஸ் ஹீட்டர் வேண்டாம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக உள்ளேயே சேரும், மண்ணெண்ணெயும் அப்படித்தான். கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டர் மெதுவாகச் சூடாக்கினாலும் ஈரம் சேர்க்காது. முழுக் கொட்டகையையும் சூடாக்காதீர்கள். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் உள்ளே ஒரு சின்னத் திரை கட்டி அதைச் சூடாக்கினால் போதும்.

பூச்சு வேலைக்கு விதி இது: பூசும் பரப்பின் வெப்பம் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். பனிநிலை என்பது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம். காற்று 10 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 6.7. அதாவது பரப்பு 9.7க்குக் கீழே இருந்தால் பூசக் கூடாது. காற்று சூடானாலும் இரும்பு எடை பொருத்திய ஏராவும் (படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) தடித்த மரங்களும் வெகு நேரம் சில்லென்றே இருக்கும், அதனால் காற்றை அளந்து முடிவு செய்யாதீர்கள். தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி ஒன்றும் ஈரப்பதமானி ஒன்றும் கட்டாயம் வாங்குங்கள்.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்துக் கட்டியவர்கள் கேட்டதிலிருந்து சில.

கான்கிரீட் தரையில் முளை அடிக்க முடியாதே என்றார்கள். அடிச்சட்டத்தின் மேல் மணல் மூட்டைகளும், 200 லிட்டர் தண்ணீர் டிரம்களும் வைத்துப் பட்டையால் பிணைக்கலாம். டிரம்மை முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருகும், விளிம்புவரை நிரப்பினால் டிரம் வெடிக்கும். மேலே சொன்ன ஒரு டன் கணக்கை வைத்துக்கொண்டு எத்தனை டிரம் என்று பாருங்கள்.

பிவிசி குழாயில் கட்டலாமா? சின்னப் படகுக்குச் சரி. ஆனால் பிவிசி தொடும் இடத்தில் பாலித்தீன் சீக்கிரம் கெட்டுவிடும். குழாயின் மேல் துணி டேப்பாவது வெள்ளைப் பெயின்டாவது பூசிவிட்டுப் போர்த்துங்கள்.

பலகைப் படகு வைத்திருப்பவர் ஒருவருக்கு, பிப்ரவரியில் பலகை இடுக்குகள் பிளந்துவிட்டன. கண்ணாடித் தாளும் வெயிலும் சேர்ந்து மரத்தை உலர்த்தியிருக்கிறது. வெள்ளைத் தாள் போடச் சொன்னதற்கு இதுவும் காரணம். பூச்சு வேலை இல்லாத நாட்களில் படகின் வெயில் படும் பக்கத்தில் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள், ஹீட்டரை அணைத்து வையுங்கள்.

பனியைத் தள்ளுவதற்கு, துடைப்பத்தின் தலையில் துணி சுற்றி உள்ளேயிருந்து மெதுவாக மேல்நோக்கித் தட்டுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்ட வேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் மறுபக்கப் பாரம் வளைவை முறுக்கும். வெளியே நின்று மண்வெட்டியால் வாரினால் தாள் போய்விடும்.

கழற்றும்போது வளைவுகளுக்கு எண் எழுதி அடுக்குங்கள். தாளைக் கழுவி, நன்றாக உலர்த்தி, வெயில் படாத இடத்தில் சுருட்டி வையுங்கள். மடித்தால் அந்த மடிப்பிலேயே அடுத்த ஆண்டு கிழியும்.