மொட்டு எங்கே? இலையைக் கொண்டு மரக் குடும்பம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கல்லூரி மாணவர்கள் சிலரைக் கொல்லிமலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பூவும் காயும் இல்லாத மரங்களை இலை, கிளை, பட்டை, பால் ஆகியவற்றைக் கொண்டே எந்தக் குடும்பம் என்று கண்டறியப் பழக வேண்டும் என்பது நோக்கம். முதல் நாள் மாலை ஒரு மாணவி செய்தித்தாளை விரித்து, அன்று சேகரித்ததைக் காட்டினார். ஒரு சிறு காம்புத் துண்டு, அதன் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு இலைகள். அருகே 'தனியிலை, எதிரிலை அடுக்கம்' என்று திருத்தமான கையெழுத்து. எனக்கு மனம் சுருக்கென்றது. இதே மலையில், இதே வகை மரத்தின் கீழ் நின்று, இதே சொற்களை நானும் ஒருகாலத்தில் எழுதியிருக்கிறேன்.

படம் மங்கலாக எடுப்பது, இடத்தைக் குறிக்க மறப்பது போன்றவற்றை ஒருமுறை பட்டால் யாரும் திருத்திக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். செய்தவருக்கே தெரியாமல் நடந்துவிடும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிற்றிலையை இலை என்று எடுத்துக்கொள்வது

சமையலறையிலிருந்தே தொடங்கலாம். கறிவேப்பிலையை ஓர் இணுக்கு கிள்ளி வரச் சொல்கிறோம். அந்த இணுக்கிலிருந்து உருவிப் போடும் ஒவ்வொன்றையும் இலை என்கிறோம். தாவரவியலில் இணுக்கு முழுவதும் சேர்ந்ததுதான் ஓர் இலை. உருவிப் போடுபவை சிற்றிலைகள். வேம்பும் அப்படித்தான். முருங்கையில் நாம் கீரை ஆய்வதற்கு ஒடித்து வரும் கொத்தே ஒற்றை இலை. அது இரண்டு மூன்று முறை கிளைத்துப் பிரிந்திருக்கிறது. வீட்டுப் பேச்சில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. காட்டில் இதுவே மொத்தத் தேடலையும் கவிழ்த்துவிடும்.

மரத்தின் குடும்பத்தைத் தேடுகிறவர் கேட்கும் முதல் இரண்டு கேள்விகள்: தனியிலையா, பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலையா? இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா? சிற்றிலையை இலை என்று நினைத்துவிட்டால் இரண்டு விடைகளும் ஒரே நேரத்தில் தவறாகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும், நீங்கள் நிற்பது வேறு ஊர்த் தெருவில்.

நான் அப்படித்தான் நின்றேன். அந்த மரம் சந்தனவேம்பு. அதன் கூட்டிலை அரை மீட்டருக்கு மேல் நீளும். உலர்ந்த செடி மாதிரிகளை ஒட்டி வைக்கும் ஹெர்பேரியத் தாளோ வழக்கமாக 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் கொண்டது. இலை தாளுக்குள் அடங்கவில்லை. மடித்து வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. நடுவிலிருந்து ஒரு துண்டை நறுக்கி, இரண்டு இணைச் சிற்றிலைகளோடு அழுத்துப் பலகைக்குள் வைத்துவிட்டேன். அன்று மற்ற மரங்களிலும் அதையே செய்தேன். வீடு திரும்பி, தனியிலையும் எதிரிலை அடுக்கமும் உள்ள குடும்பங்களில் தேடத் தொடங்கினேன். நாவல் குடும்பமா? பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் எண்ணெய்ப் புள்ளிகள் இல்லை. காப்பிக் குடும்பமா? எதிரெதிர்க் காம்புகளுக்கு இடையே இருக்க வேண்டிய இலையடிச் செதில் இல்லை. மல்லிகைக் குடும்பமா? இப்படியே வாரங்கள் போயின. கடைசியில் ஹெர்பேரியத்தில் வேலை செய்த ஒரு மூத்தவர் தாளைக் கையில் வாங்கி, அரை நிமிடம் பார்த்துவிட்டு, "மொட்டு எங்கே தம்பி?" என்று கேட்டார். எங்கும் இல்லை. அந்தப் பயணத்தில் சேகரித்த 11 மாதிரிகள் குப்பைக்குப் போயின. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மறுபடி மலையேற வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் துண்டுகளை நினைத்தால் எரிச்சல் அடங்கவில்லை. ஓர் இலையை அடியோடு எடுக்க எத்தனை நொடி ஆகியிருக்கும்?

அவர் கேட்ட கேள்விதான் இதற்கு மருந்து. இலை கிளையோடு சேரும் இடத்தின் மேல்பக்கத்தில், அதாவது இலைக்கோணத்தில், ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அது இருக்காது. ஆகவே நுனியிலிருந்து கீழ்நோக்கி விரலை ஓட்டிக்கொண்டே வாருங்கள். மொட்டு தட்டுப்படும் இடம்தான் இலையின் அடி. அதற்கு மேலே இருப்பதெல்லாம் ஒரே இலை. கிளையின் நுனியில் வளரும் மொட்டு இருக்கும். கூட்டிலையின் அச்சு ஒரு சிற்றிலையோடோ வெறும் முனையோடோ முடிந்துவிடும். மொட்டு மிகச் சிறியதாக இருந்தால் கைலென்ஸ் வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்குவது போதும்.

இதையே தலைகீழாகச் செய்து ஏமாறுகிறவர்களும் உண்டு. நெல்லிக் கிளையைப் பார்க்கிற யாரும் அதைக் கூட்டிலை என்றுதான் சொல்வார்கள். மென்மையான குச்சி, இரு பக்கமும் வரிசையாகச் சின்னஞ்சிறு இலைகள், உதிரும்போது குச்சியோடு உதிர்கிறது. ஆனால் அவை தனியிலைகள். சாட்சி வேண்டுமானால் நெல்லியின் உறவான கீழாநெல்லியைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள்: ஒவ்வொரு இலையின் அடியிலும் ஒரு காய் தொங்குகிறது. சிற்றிலையின் அடியில் பூவோ காயோ வராது. செடிக்குக் கீழாநெல்லி என்று பெயர் வைத்தவர்கள் பார்த்த இடமும் அதுதான்.

ஏழிலைப்பாலை இன்னொரு பொறி. பெயரைக் கேட்டு, இலவம்பஞ்சு மரத்தைப் போல விரல் விரித்த கூட்டிலை என்று எழுதிவிடுகிறார்கள். இலவத்தில் ஐந்து, ஏழு சிற்றிலைகளும் ஒரே நீண்ட காம்பின் நுனியில் கூடுகின்றன. ஏழிலைப்பாலையில் ஒவ்வொன்றும் தனித்தனி இலையாகக் கிளையைச் சுற்றி வட்டமாக நிற்கிறது. நடுவே கிளை மேலே தொடர்ந்து வளர்கிறது. முன்னது பருத்திக் குடும்பம், பின்னது அலரிக் குடும்பம். வில்வத்தில் மூன்று சிற்றிலை சேர்ந்து ஓர் இலை. பூசைக்கு அதைப் பிரிக்காமல் மூன்றாகவே எடுக்கும் வழக்கம் தாவரவியலுக்கும் பொருந்துகிறது. எலுமிச்சையும் நாரத்தையும் அதே குடும்பம். இலையின் அலகு, அதாவது விரிந்த தட்டைப் பகுதி, காம்போடு சேரும் இடத்தில் ஒரு மூட்டு தெரியும். கூட்டிலை ஒற்றைச் சிற்றிலையாகச் சுருங்கியதன் தடயம் அது.

விதிக்கு அடங்காததும் இருக்கிறது. வேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த கிசோசீட்டன் என்ற மரம் மலேசியக் காடுகளில் உண்டு. அதன் கூட்டிலையின் நுனியிலேயே ஒரு மொட்டு இருந்து, புதிய சிற்றிலைகளைத் தந்துகொண்டே இருக்கிறது. முதன்முதலில் இதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. ஆனால் நம் மலைகளில் பழகும்வரை மொட்டையே நம்புங்கள்.

பால் வந்தவுடன் முடிவு கட்டுவது

பால் ஒரு நல்ல தடயம். தனியாக வந்தால் பாதிச் சாட்சிதான். பாலோடு கிளையைச் சுற்றி வளையத் தழும்பு இருந்தால் ஆல், அத்தி, பலா இருக்கும் குடும்பம். பாலும் எதிரிலையும் சேர்ந்தால் அலரிக் குடும்பத்தை முதலில் நினைக்கலாம். பாலும் மாற்றிலையும் இருந்து, இலைகள் கிளை நுனியில் நெருங்கி நின்றால் இலுப்பைக் குடும்பமாக இருக்கலாம். ஆனால் பெருங்கள்ளி என்று சில ஊர்களில் சொல்லும் ஈழத்தலரிக்கு மாற்றிலைதான், அதுவும் அலரிக் குடும்பமே. செண்பகத்தில் வளையத் தழும்பு தெளிவாக இருக்கும், பால் வராது. ஆமணக்கு கள்ளியின் குடும்பம், அதிலும் பால் இல்லை. கடும் கோடையில் பால் உள்ள மரமே ஒரு சொட்டும் தராமல் நிற்பதுண்டு. பால் இல்லை என்று எழுதுவதற்கு முன் இளங்கிளை, இலைக்காம்பு, பட்டை மூன்றிலும் கீறிப் பாருங்கள்.

கசிவை விரலால் தொட்டுப் பார்ப்பது

செய்யவே செய்யாதீர்கள். சேங்கொட்டை மாமரத்தின் குடும்பம். அதன் சாறு துணியில் அழியாத குறி போடப் பயன்பட்டது, தோலில் கொப்புளம் போடும். பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் வளரும் தில்லையின் பால் கண்ணில் தெறித்தால் பார்வையைப் பாதிக்கும். வெளியே வந்ததும் கறுக்கும் கசிவைக் கண்டால் கத்தியைத் துடைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

முற்றிய கிளையில் இலையடிச் செதிலைத் தேடுவது

காப்பிக் குடும்பத்தை உறுதி செய்ய, எதிரெதிரான இரண்டு காம்புகளுக்கு இடையே உள்ள செதிலைப் பார்க்க வேண்டும். இட்லிப்பூவிலும் நுணாவிலும் அது எளிதாகத் தெரியும். கடம்பு போன்றவற்றில் சீக்கிரமே உதிர்ந்துவிடும். தழைத்த கிளையின் நடுவில் தேடிவிட்டுச் செதில் இல்லை என்று எழுதினால் குற்றம் மரத்தின்மேல் இல்லை. நுனி மொட்டுக்கு அருகே பாருங்கள். அங்கும் உதிர்ந்திருந்தால் காம்புகளை இணைக்கும் கோடு ஒன்றாவது மிச்சமிருக்கும்.

அடியிலிருந்து மூன்று நரம்பு

எட்டி, இலவங்கப்பட்டை, இலந்தை மூன்றிலும் இருக்கிறது. மூன்றும் மூன்று குடும்பம். அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பழைய குடும்பப் பெயரை அப்படியே எழுதுவது

மதராஸ் மாகாண காலத்து நூல்களில் தேக்கு நொச்சியோடு சேர்த்து வேறு குடும்பத்தில் இருக்கும். இன்று இரண்டும் துளசிக் குடும்பம். எருக்கு அலரியோடு சேர்ந்துவிட்டது. நெல்லி ஆமணக்கிலிருந்து பிரிந்து தனிக் குடும்பமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து குறிப்பு எழுதுவது

பாலின் நிறமும் கசக்கிய இலையின் மணமும் தாளில் காய்ந்த பிறகு இருக்காது. மரத்தடியிலேயே எழுதுங்கள். நீண்ட கூட்டிலையை அடியோடு, ஒட்டியிருக்கும் கிளைத் துண்டோடு வெட்டி, ஆங்கில 'வி' எழுத்து போல மடித்துத் தாளுக்குள் வையுங்கள். மொட்டு இருக்கும் இடம் வெளியே தெரிய வேண்டும்.