அகதிப் பிள்ளைகளைச் சேர்ந்து பாடவைப்பது எப்படி? முதல்முறை நடத்துகிறவர்களுக்கு

முகாமிலோ பள்ளியிலோ இடம்பெயர்ந்த பிள்ளைகளோடு வாரம் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது, அதைப் பாட்டுக்குச் செலவிடலாம் என்று நினைக்கிறீர்கள். சங்கீதம் முறையாகப் படிக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். சுருதி விலகாமல் நாலு வரி பாடத் தெரிந்தால் போதும்.

ஏன் பாட்டு? பாடும்போது மூச்சைச் சட்டென்று இழுத்து நிதானமாக விடுகிறோம். மூச்சு நீளமாக வெளியேறும்போது இதயத்துடிப்பு தணிகிறது. 2013இல் ஸ்வீடனில் பதினெட்டு வயது இளைஞர்களைச் சேர்ந்து பாடவைத்து அளந்தபோது, மூச்சு ஒன்றுபட்ட இடங்களில் அவர்கள் இதயத்துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியது. 2015இல் பிரிட்டனில் வெளியான இன்னோர் ஆய்வு, பெரியவர்களின் பாட்டு வகுப்பைக் கைவினை வகுப்போடும் எழுத்து வகுப்போடும் ஒப்பிட்டது. ஏழு மாதத்தில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் வந்துவிட்டது. ஆனால் பாடியவர்களிடம் அது முதல் வாரங்களிலேயே வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வேகம்தான். இந்தப் பிள்ளைகள் அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

முதலில் இடமும் ஆட்களும்

பத்துப் பதினைந்து பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள். தனியாக நடத்தாதீர்கள், ஒரு பிள்ளை அழுதால் பக்கத்தில் போய் உட்கார இன்னொருவர் வேண்டும். அரைவட்டமாக உட்காருங்கள், எல்லோருக்கும் வாசல் தெரியட்டும். கதவைப் பூட்ட வேண்டாம். விசில், பலூன், திடீர் முரசு எதுவும் வேண்டாம். குண்டுச் சத்தம் கேட்ட காதுக்கு அவை வேறு அர்த்தம் தரும். "கண்ணை மூடு" என்று சொல்லாதீர்கள், பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். சில குடும்பங்களில் வாத்தியமோ, பெண்பிள்ளைகள் ஆண்கள் முன் பாடுவதோ கூடாது என்றிருக்கும். பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டால் பிள்ளை இடையில் மாட்டிக்கொள்ளாது.

மொழி இல்லாமல் தொடங்குங்கள்

முதல் நாளே பாட்டு வரிகளைக் கையில் கொடுத்தால், எழுத்துத் தெரியாத பிள்ளை அன்றே ஒதுங்கிவிடும். வாயை மூடி "ம்ம்ம்" என்று ஹம்மிங்கில் ஆரம்பியுங்கள். பிறகு "லா", "நா" போன்ற அசைகள். நீங்கள் ஒரு சின்ன மெட்டுத் துணுக்கு பாடுங்கள், அவர்கள் திருப்பிப் பாடட்டும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு விருப்பமுள்ள பிள்ளை தலைமை ஏற்கட்டும், நீங்கள் திருப்பிப் பாடுங்கள்.

சுருதி விஷயத்தில் பெரியவர்கள் செய்யும் தவறு, தங்கள் தொண்டைக்கு வசதியாகக் கீழே தொடங்குவது. எட்டுப் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கீபோர்டின் நடு 'சி'யிலிருந்து அதற்கு மேலுள்ள 'ஏ' வரை பொதுவாகச் சௌகரியம். நம் சங்கீதக் கணக்கில் ஒரு கட்டைச் சுருதிக்கு, அதாவது அந்த 'சி'யையே ச என்று வைத்தால், ச முதல் த வரை. குரல் உடையும் வயதுப் பையன்களைத் தனியாகப் பாடச் சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தாளம் கொடுங்கள்.

சும்மா இருப்பதற்கும் இடம் விடுங்கள்

எங்கே போவது, எப்போது போவது, எங்கே தூங்குவது என்று எல்லாமே இந்தப் பிள்ளைகளுக்காக வேறு யாரோ முடிவு செய்தது. பாட்டையும் அப்படித் திணித்தால் நாம் வந்த காரியம் கெட்டுவிடும். பாடலாம், தாளம் போடலாம், சும்மா கேட்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் நாலு வாரம் வாசல் நிலையில் சாய்ந்தபடியே நின்றான். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. விரல் மட்டும் நிலைக்கட்டையில் தாளம் தட்டும். ஐந்தாவது வாரம் அவன் மொழிப் பாட்டு ஒன்றை வேறொரு சிறுமி சொல்லித்தந்தாள். அதில் ஒரு சொல்லை நான் திரும்பத் திரும்பத் தப்பாக உச்சரித்தேன். அவனால் பொறுக்க முடியவில்லை. இரண்டு எட்டு உள்ளே வந்து, என் வாயைப் பார்த்தபடி அந்தச் சொல்லை மெதுவாக உடைத்து உடைத்துச் சொன்னான். நான் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை. அப்புறம் அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

அவர்கள் பாட்டு

"உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடு" என்று கேட்காதீர்கள். ஊர் என்ற சொல்லே சிலருக்கு ரணம். மூன்று நாலு வாரம் போனால் அவர்களாகவே கொண்டுவருவார்கள். அதைச் சொல்லித்தருவதற்கு முன், அந்த மொழி தெரிந்த பெரியவர் ஒருவரிடம் பொருள் கேட்டுவிடுங்கள். ஒரே நாட்டிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் போரில் எதிரெதிர்ப் பக்கமாக இருந்திருக்கலாம். ஒருவருக்கு வீரப்பாட்டு, இன்னொருவருக்குப் பயம். தாலாட்டுகளிலும் கவனம் வேண்டும், அம்மா நினைவு வந்துவிடும்.

அழுகை வந்தால் பாட்டை வெட்டி நிறுத்த வேண்டாம். இரண்டாமவர் பக்கத்தில் போய் உட்காரட்டும், மற்றவர்கள் ஹம்மிங்கில் தொடரட்டும். என்ன நடந்தது என்று துருவக் கூடாது. தூக்கமே இல்லை, சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அது பாட்டால் தீரும் விஷயம் இல்லை. யாரிடம் சொல்வது என்பதை முதல் வகுப்புக்கு முன்பே கேட்டு வைத்திருங்கள், அன்றைக்கே சொல்லுங்கள்.

படமும் மேடையும்

வீடியோ எடுத்து இணையத்தில் போடாதீர்கள். முகம் தெரிந்தால் ஊரில் விட்டுவந்த உறவினருக்கு ஆபத்தாகலாம். நன்கொடையாளர் முன் பாடச் சொன்னால் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

தொடக்கமும் விடையும்

ஒவ்வொரு வாரமும் அதே வரவேற்புப் பாட்டு, முடிவில் அதே விடைப் பாட்டு. அடுத்து என்ன வரும் என்று தெரிவதே இவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஒரு பிள்ளை சொல்லாமல் இடம் மாறிப் போயிருந்தால் மழுப்பாதீர்கள். பெயரைச் சொல்லி, அந்தப் பிள்ளைக்குப் பிடித்த பாட்டைப் பாடுங்கள். நீங்கள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் மூன்று வாரம் முன்னமே தெரிவியுங்கள். கடைசி நாள் என்ன பாடுவது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். அந்த வரிகளை அவரவர் மொழி எழுத்தில் ஒரு சின்னத் தாளில், சட்டைப்பையில் மடித்து வைக்கும் அளவில், எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.