தராசு கலிபிரேஷன்ல நம்ம ஆக்கள் விடுற பிழைகள்

மட்டக்களப்பு வாவிக்கரையில இறால் எடுக்கிற இடங்கள்ல தராசு நிக்கிற நிலையப் பார்த்தாலே எனக்கு மனசு பதறும், ஈரப் பலகைக்கு மேல ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கும், லெவல் குமிழி வட்டத்துக்கு வெளிய கிடக்கும், ஆனா டிஸ்ப்ளேல 3.245 எண்டு வந்தா அதுக்கு மேல பேச்சில்ல. ராவு முழுக்க தண்ணியில நிண்டு பிடிச்ச மனிசன்ட காசு அது.

பெரிய பிழை, சீனி பக்கெட்ட வெச்சு செட் பண்றது. கடை துவங்கின புதுசுல நானும் அப்படித்தான் செஞ்சன், பிறகு முத்திரை குத்தின 1 கிலோ படிக்கல்ல வெச்சா 990 காட்டுது, அவ்வளவு நாளும் சாமான் கொண்டு வந்து தந்த ஆக்களுக்குத்தான் நட்டம், இப்பவும் நினைச்சா கவலையா இரிக்கு. படிக்கல்லும் துரு ஏறாம, துணி சுத்தி வெச்சிருக்கணும், நம்ம கடல் காத்துக்கு இரும்பு தாங்காது.

வெளிநாட்டுல செட் பண்ணி வந்த தராச அப்படியே பாவிக்கிறதும் பிழை. தராசுக்குள்ள பாரத்த உணருற லோட்செல் அளக்கிறது விசையை, புவியீர்ப்பு நம்ம பக்கம் கொஞ்சம் குறைவு, வட ஜெர்மனியில சரி பார்த்தது இங்க 10 கிலோவுக்கு 30 கிராமுக்கு மேல குறைச்சுக் காட்டும். பாவிக்கிற இடத்திலயே சரி பார்க்கணும். தட்டுக்கு நடுவுல மட்டும் வெச்சுப் பார்க்காம நாலு மூலையிலயும் வெச்சுப் பாருங்க, ஃபேன நிப்பாட்டுங்க, தராச ஓன் பண்ணி அரை மணித்தியாலம் சூடாக விடுங்க.

இன்னொண்டு, கலிபிரேஷன் எண்டா பட்டன அமத்தித் திருத்துறது இல்ல, எவ்வளவு பிழை காட்டுது எண்டு கண்டு எழுதி வெக்கிறதுதான், திருத்துறது வேற வேலை, வருசா வருசம் அளவைத் திணைக்களத்தில குத்துற முத்திரையும் வேற.

5 கிராம் படியா காட்டுற தராசு 5 கிராமுக்குச் சரி எண்டு நினைக்கிற ஆக்கள்தான் கூட. ஒரே கல்ல 10 தரம் தூக்கித் தூக்கி வெச்சுப் பாருங்க, ஒவ்வொரு தரமும் ஒரே இலக்கம் வராது. அந்த அலைச்சல் 2 கிராம், இலக்கத்தை முழுசாக்கிறதால வாறது 1.4 கிராம் எண்டு வெச்சா, ரெண்டையும் சும்மா கூட்டக் கூடாது, வர்க்கிச்சுக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தா ஏறத்தாழ 2.5, அத ரெண்டால பெருக்கினா 5 கிராம் முன்ன பின்ன, 100ல 95 தரம் உண்மையான நிறை அதுக்குள்ள இரிக்கும்.

ஒரு சிஆர் கொப்பி வாங்கி ஒவ்வொரு நாளும் காலையில 5 கிலோ படிக்கல் என்ன காட்டுது எண்டு எழுதுங்க, ரெண்டு மூணு மாசத்தில தராசு எந்தப் பக்கம் நகருது எண்டு கண்ணால காணலாம்.