தென்னை நார்க்கழிவை டன் கணக்கில் மட்கவைக்கும் முறை

பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைகளின் பின்புறம் குன்றுபோல் குவிந்து கிடக்கும் பழுப்புத் தூள்தான் தென்னை நார்க்கழிவு. ஒரு கிலோ நார் பிரித்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ கழிவு மிஞ்சுகிறது. மழை பெய்தால் அதிலிருந்து இறங்கும் செந்நிற நீர் கிணறுகளைக் கெடுக்கிறது. வெயிலில் காய்ந்தால் ஒரு பீடித்துண்டு விழுந்தாலே குவியல் உள்ளுக்குள் நாள்கணக்கில் புகைகிறது. இதில் மரத்துக்கு உறுதி தரும், எளிதில் சிதையாத லிக்னின் என்ற பொருள் 30 சதவீதத்தை ஒட்டி இருப்பதாலும், கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 என்ற அளவில் இருப்பதாலும், ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் எளிதில் மட்காது. பச்சையாக வயலில் இட்டால் நுண்ணுயிரிகள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, பயிர் வெளிறிப்போகும். ஆகவே மட்கவைத்த பிறகே அதை மண்ணுக்குத் தர வேண்டும்.

முதலில் தளம். சிமெண்டுத் தளமோ, நன்கு இறுக்கிய களிமண் தளமோ அமைத்து, லேசான சரிவு கொடுத்து, வடியும் நீர் ஒரு தொட்டியில் சேருமாறு செய்ய வேண்டும். அந்த நீரை வெளியே விடாமல் குவியலுக்கே திரும்பத் தெளிக்கலாம். இந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பக்கத்துத் தோட்டத்தின் கிணற்றை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு டன் கழிவுக்கு 200 கிலோ கோழி எரு கலப்பது தழைச்சத்துக் குறையை ஈடுகட்டும். எரு கிடைக்காத இடத்தில் 5 கிலோ யூரியா போதும். தோப்பில் விழும் ஓலை, மட்டைகளையும் இயந்திரத்தில் இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டிச் சேர்த்தால், தூள் இறுகிப்போகாமல் காற்று ஊடாடும்.

பெரும்பாலான ஆலைகள் தவறுவது தண்ணீரில்தான். குவித்த பிறகு மேலே குழாயைப் பிடித்தால் மேல் அரையடி மட்டும் நனைந்து, உள்ளே காய்ந்தபடியே கிடக்கும். எனவே கலக்கும்போதே நனைத்து, ஈரம் 60 சதவீதத்தை எட்டிய பிறகே குவிக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. ஒழுகினால் காற்று அடைபட்டுப் புளித்த நாற்றம் எழும்.

குவியலை ஐந்தடி உயரம், பத்தடி அகலத்தில் நீளவாட்டாக அமைத்து, இரண்டு குவியல்களுக்கு இடையே லோடர் வண்டி போய்வரும் அளவுக்கு வழி விட வேண்டும். கோழி எரு கலந்த குவியல் சில நாள்களில் சூடேறும். நீண்ட வெப்பமானியை நடுவில் செருகிப் பார்த்து, 65 டிகிரியைத் தாண்டினாலோ, அமோனியா நெடி மூக்கைக் கடித்தாலோ உடனே புரட்ட வேண்டும். மற்றபடி பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டி, குறையும் ஈரத்தை நிரப்பினால் போதும்.

லிக்னினைச் சிதைப்பது சிப்பிக்காளான். டன்னுக்கு ஒன்றரை கிலோ வித்து போதும் என்றாலும், பெரிய குவியலில் அதை முதல் நாளே தூவுவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அந்தச் சூட்டில் காளான் மாண்டுவிடும். வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு வித்தைக் கலந்தால், சில வாரங்களில் ஒரு கட்டியை உடைத்துப் பார்க்கும்போது வெண்ணூல் போன்ற பூசண இழைகள் துகள்களைப் பின்னிக் கிடப்பதைக் காணலாம். அதன்பின் அடிக்கடி புரட்டி அந்த இழைகளை அறுக்கக் கூடாது.

இரண்டு மூன்று மாதங்களில் குவியலின் அளவு வெகுவாகச் சுருங்கி, தூள் கருத்து, மழை பெய்த மண்ணின் வாசம் வரும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி மூட்டை கட்டிவிடக் கூடாது. விற்பனைக்கு அனுப்பும் உரத்தில் கரிம-தழைச்சத்து விகிதம் 20:1க்குக் கீழும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்குக் கீழும் இருப்பதை ஆய்வகத்தில் உறுதிசெய்ய வேண்டும். உப்பு மிகுந்திருந்தால் நல்ல தண்ணீரில் அலசியாக வேண்டும். கடைசியாக ஒரு தட்டில் அந்த உரத்தைப் பரப்பிக் கீரை விதை தூவி, பக்கத்தில் சாதாரண மண்ணிலும் தூவி, இரண்டும் ஒன்றுபோல் முளைத்த பிறகே சலித்து மூட்டை பிடிக்கலாம்.